ஜிங்குலோவுக்கு ஒரு தோல் சட்டை

பெரியவள் வாயைத் திறந்தால் கல்லுக்கும் பர்ஸை எடுக்கத் தோன்றும் என்று பட்டறையில் பேசிக்கொள்வார்கள். சும்மா சொல்லவில்லை. ஒருமுறை ஒருவர் பல் டாக்டர் கிளினிக்குக்கு வழி கேட்கத்தான் ஷோரூமின் கண்ணாடிக் கதவைத் தள்ளினார். பெரியவள் வழியைச் சொன்னாள். எந்தப் பல் என்று விசாரித்தாள். உட்காருங்க, ஒரு வாய் வெந்நீர் குடிச்சிட்டுப் போங்க என்றாள். கொஞ்ச நேரத்தில் அந்த மனிதர் ஒரு கையால் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் ஸ்பீக்கர் பெட்டியோடு படியிறங்கினார். டாக்டரிடம் போனாரா இல்லையா, ஆண்டவனுக்கே வெளிச்சம்.

இந்தக் கூத்தையெல்லாம் பட்டறைக் கதவிலுள்ள வட்டக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்ப்பவள் சின்னவள், பெரியவளின் கூடப்பிறந்த தங்கை. அக்கா முன்னால் விற்கிறாள், தங்கை பின்னால் தைக்கிறாள், நடுவில் ஒரே ஒரு கதவு. கதவுக்கு அந்தப் பக்கம் கணுக்கால் புதையும் கம்பளம், மஞ்சள் விளக்கு, வெல்வெட் மெத்தையில் ஒவ்வொன்றாக உட்கார்ந்திருக்கும் ஸ்பீக்கர்கள். இந்தப் பக்கம் சிமென்ட் தரை, பசை வாடை, தோல் சுருள்கள், வாய் ஓயாத ஐந்து பெண்கள். பட்டறை ஆட்கள் கம்பளத்தில் கால் வைக்கக் கூடாது என்பது முதலாளி போட்ட சட்டம். செருப்பில் பசை ஒட்டியிருக்குமாம்.

அப்படி என்னதான் விற்கிறார்கள்? சொல்லித்தானே ஆக வேண்டும். இரண்டு தெரு தள்ளியிருக்கும் எலக்ட்ரானிக்ஸ் கடைக்குப் போனால், வாசலிலேயே ஜிங்குலோ என்ற ஸ்பீக்கரைக் கூடையில் வெங்காயம் மாதிரி கொட்டி வைத்திருப்பார்கள். கைக்கு அடங்கிய உருண்டை. போனிலிருந்து பாட்டை வாங்கிப் பாடும். நன்றாகவே பாடும், அதில் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் கண்கொண்டு பார்க்க முடியாது. அடிக்கிற பச்சையில் பிளாஸ்டிக், முன்னால் பல்லிளிக்கும் எழுத்தில் பெயர். அதைவிடக் கொடுமை அதன் குரல். பொத்தானை அழுத்தினால் போதும், மூக்கடைத்த கிளி போல, "ஹாய் ஹாய்! ஜிங்குலோ ரெடி!" என்று கத்தும்.

முதலாளி இதை அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாக வாங்கிப் பட்டறையில் இறக்குவார். பெண்கள் பெயரை உரசி எடுப்பார்கள். தோலை நனைத்து, இழுத்துப் போர்த்தி, கையால் தைத்து, பித்தளை வளையம் மாட்டி, 'ஓரெலியா' என்று பொடி எழுத்தில் முத்திரை குத்துவார்கள். ஓரெலியா இத்தாலியப் பெயர் என்பார் முதலாளி. கேட்பவர் இத்தாலியராக இல்லாத வரை பிரச்சினை இல்லை. கடைசியாக லேப்டாப்பில் கேபிளை மாட்டிக் குரலை மாற்ற வேண்டும். கிளி தொலைந்து, அந்த இடத்தில் ஒரு பெண் குரல் மெதுவாக, "வாங்க" என்று மட்டும் சொல்லும். அது பெரியவளின் குரல்தான். எதிரொலி வரக் கூடாது என்று வீட்டில் துணி அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு அவள் சொல்ல, சின்னவள்தான் பதிவு செய்தாள். இத்தனையும் முடிந்த பிறகு விலை. கூடையில் கிடந்தபோது இருந்த விலையைப் போலப் பத்து மடங்கு. முதலாளிக்குக் குஷி வந்தால் அதற்கும் மேலே.

பகல் கொள்ளை என்கிறீர்களா? சின்னவளும் அதைத்தான் சொன்னாள். அக்கா வீட்டில்தான் அவளும் இருந்தாள், ஆகவே சாப்பாட்டு மேஜையில் இந்தச் சண்டைக்குக் குறைவே இல்லை.

"நான் என்னடி பொய் சொன்னேன்? தொட்டுப் பாருங்கன்னு சொல்றேன். தொட்டா பிடிக்குது. வாங்கிட்டுப் போறாங்க" என்பாள் பெரியவள்.

"உள்ள என்ன இருக்குன்னு சொல்றியா?"

"கேட்டா சொல்லுவேன். யாரும் கேக்கலையே."

"நல்லா காதுல பூ சுத்துறக்கா நீ."

பெரியவளின் கணவர் பஸ் டிரைவர். இந்தச் சண்டைக்குள் தலையைக் கொடுக்கவே மாட்டார். "ரெண்டு பக்கமும் ஹாரன் அடிச்சா நான் ஓரங்கட்டிடுவேன்" என்று தட்டைத் தூக்கிக்கொண்டு டிவி பக்கம் போய்விடுவார்.

வாய்தான் அப்படிச் சண்டை போடுமே தவிர, சின்னவளுக்கு அக்காவைப் பார்க்கப் பார்க்கப் பெருமைதான். ஒரு ஸ்பீக்கரை வெல்வெட்டிலிருந்து எடுக்கிற விதம் இருக்கிறதே, தூங்குகிற குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுப்பது போல எடுப்பாள். வாங்க வந்தவர் தன்னை அறியாமல் இரண்டு கையையும் நீட்டிவிடுவார். அந்தக் கலையெல்லாம் படித்து வருவதா என்ன! சின்னவளுக்கு ஒரே ஒரு மனக்குறை. அக்கா கடையில் வந்தவரின் சட்டையைப் புகழ்வாள், குடையைப் புகழ்வாள், கார் நிறுத்திய அழகைக்கூடப் புகழ்வாள். தங்கையின் தையலை மட்டும் ஒரு நாளும் நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. வீட்டில் கேட்டால், "ம், பரவால்ல" என்று தோசைக்கல்லைத் தேய்க்கப் போய்விடுவாள். சின்னவள் இதற்காக அழுததில்லை. ஆனால் எண்ணாமல் இருந்ததும் இல்லை.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டியில்தான் ஒரு நாள் முதலாளி கல்லைத் தூக்கிப் போட்டார். கையில் ஒரு உருண்டையோடு பட்டறைக்குள் வந்தார். பார்வைக்கு ஓரெலியா மாதிரியே இருந்தது. தொட்டால் வழவழவென்று ஒட்டியது.

"ஃபேக்டரியிலேயே இப்போ இப்படிப் போர்த்திக் குடுக்கறாங்க. தையலைக்கூட அச்சடிச்சே தர்றாங்க, பாருங்க. நான் எதுக்கு இங்க அஞ்சு பேரை வெச்சு மாரடிக்கணும்?" என்றார்.

நூலுக்கு மெழுகு தேய்ப்பதால் மெழுகக்கா என்று பேர் வாங்கிய பெரியம்மா ஒருத்தி, "தையலை அச்சடிக்கிறதா? அப்போ சோத்தையும் அச்சடிச்சுத் தின்னுங்க" என்று வாய்க்குள் முணுமுணுத்தாள். முதலாளிக்கு அது கேட்கவில்லை, நல்ல காலம்.

அவரும் கெட்ட மனிதர் இல்லை. பெரிய ஹோட்டல் ஒன்றின் சொந்தக்காரம்மா அறைக்கு ஒரு ஸ்பீக்கர் வாங்கப் போகிறாராம், புதன்கிழமை காலையில் கடைக்கு வருகிறாராம். அந்த ஆர்டர் கிடைத்தால் பட்டறை இருக்கும். கிடைக்காவிட்டால் மாதக் கடைசியில் பூட்டு. பெரியவளுக்கு ஆபத்தில்லை, அச்சடித்த தையலை விற்கவும் ஒரு வாய் வேண்டுமே. வீட்டுக்குப் போவது தைக்கும் கைகள்தான். சின்னவள் அதற்கு முன் எத்தனையோ வேலைக்குப் போய்த் திரும்பி வந்தவள். போன் எடுக்கும் வேலை, சீட்டுக் கொடுக்கும் வேலை, எதிலும் ஒட்டவில்லை. இந்த ஊசியைப் பிடித்த பிறகுதான் தன் கைக்கும் ஒரு புத்தி உண்டு என்று அவளுக்குத் தெரிந்தது. அதைப் பறிகொடுத்துவிட்டு மறுபடி எங்கே போய் நிற்பது?

ஹோட்டல்காரம்மாவுக்குக் காட்டப்போகும் ஸ்பீக்கரைச் சின்னவள்தான் செய்தாள். வேறு யாரையும் தொட விடவில்லை. தோலில் ஒரு தழும்புகூட இல்லாத இடமாகத் தேடி வெட்டினாள். தண்ணீரில் ஊறவைத்து, உருண்டையின் மேல் இழுத்துக் கட்டி, காயும் வரை காவல் இருந்தாள். உருண்டையான பொருளில் தோல் ஒழுங்காக உட்கார்வது லேசில்லை. ஒரு பக்கம் இழுத்தால் மறு பக்கம் சுருக்கம் விழும். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கடைசி முடிச்சைப் போட்டு, பித்தளைக்கு மெருகேற்றி நிமிர்ந்தபோது பட்டறையே சுற்றி நின்று பார்த்தது. மெழுகக்கா அதற்குத் திருஷ்டி கழித்தாள். பெரியவள் வந்தாள், திருப்பித் திருப்பிப் பார்த்தாள், ஒரு வார்த்தை பேசாமல் எடுத்துக்கொண்டு ஷோரூமுக்குப் போய்விட்டாள்.

"வாயில கொழுக்கட்டையா வெச்சிருக்கா உங்கக்கா?" என்றாள் மெழுகக்கா.

"அவளுக்கு வாய் அந்தப் பக்கம் மட்டும்தான் வேலை செய்யும்" என்றாள் சின்னவள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

மறுநாள் காலை வாசலில் கார் வந்து நின்ற சத்தம் கேட்டது. சின்னவள் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுத் தன் மேஜைக்கு வந்தாள். அங்கே ஒரு சிவப்பு நூல் துண்டு கிடந்தது.

பட்டறையில் ஒரு பழக்கம் உண்டு. குரல் மாற்றிய ஸ்பீக்கரின் பொத்தானைச் சுற்றி ஒரு சிவப்பு நூலைக் கட்டிவிடுவார்கள். நூல் இருந்தால் கிளி போய்விட்டது என்று அர்த்தம். முன்னால் கொண்டு போகும்போது பெரியவள் அதை அவிழ்த்துக்கொள்வாள். நேற்று சின்னவள் கட்டுவதற்கென்று நூலை வெட்டி எடுத்து வைத்தாள். அப்போது திருஷ்டி, சிரிப்பு, அமளி. பிறகு அக்கா வந்தாள், எடுத்துக்கொண்டு போனாள். நூல் இங்கேயே கிடக்கிறது.

சின்னவள் நூலைக் கையில் எடுத்தாள். லேப்டாப்பைத் திறந்தே பார்க்கவில்லை நேற்று. தோலையும் தையலையும் பார்த்த கண்ணுக்குக் குரல் ஞாபகமே வரவில்லை. இத்தனை நாள் வேலையில் ஒரு முறைகூட மறக்காததை, மறக்கவே கூடாத ஒன்றில் மறந்து தொலைத்தாயே, பாவி!

கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். கம்பளத்தின் ஓரத்தில் வந்ததும் கால் தானாக நின்றது.

ஹோட்டல்காரம்மா நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருந்தார், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியிருந்தார். எதைக் கொடுத்தாலும் முதலில் தலைகீழாகத் திருப்பிப் பார்க்கிற ரகம். தண்ணீர் கொடுத்த டம்ளரையே அடியில் பார்த்துவிட்டுத்தான் குடித்தார். பக்கத்தில் முதலாளி கையைப் பிசைந்துகொண்டு நின்றார். பெரியவள் அந்த ஸ்பீக்கரை வெல்வெட்டிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தாள்.

சின்னவள் கையை ஆட்டினாள். தலையை ஆட்டினாள். வாயைப் பொத்திக் காட்டினாள், கிளி மாதிரி மூக்கைப் பிடித்துக் காட்டினாள். வேண்டாம், அழுத்தாதே, அழுத்தாதே! பெரியவள் நிமிர்ந்தாள். தங்கையை நேருக்கு நேர் பார்த்தாள். சிரித்தாள். பொத்தானை அழுத்தினாள்.

"ஹாய் ஹாய்! ஜிங்குலோ ரெடி!"

முதலாளியின் முகத்தில் ஈயாடவில்லை. சின்னவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடாதா என்று கம்பளத்தைப் பார்த்தாள். கம்பளம் தேமே என்று கிடந்தது.

"கேட்டீங்களா மேடம்? உள்ள இருக்கிறவரு தன் பேரைச் சொல்லிட்டாரு" என்றாள் பெரியவள். குரலில் ஒரு நடுக்கம் இல்லை.

"ஜிங்குலோ" என்றார் ஹோட்டல்காரம்மா. கண்ணாடி நெற்றியிலிருந்து மூக்குக்கு இறங்கியது.

"ஆமாங்க. ரெண்டு தெரு தள்ளி கூடையில கிடக்கும். அதேதான் இது. உள்ள ஒரு திருகாணியைக்கூட நாங்க மாத்தல. நல்லா பாடுது, எதுக்கு மாத்தணும்?"

முதலாளி இருமினார். அந்த இருமலுக்கு ஆம்புலன்ஸ் கூப்பிடலாம்.

"அப்போ இந்த விலை எதுக்கு?"

"சின்னு, இங்க வாடி" என்றாள் பெரியவள்.

"செருப்புல பசை..."

"வான்னு சொன்னேன்ல."

சின்னவள் செருப்பைக் கழற்றிவிட்டு, ஏப்ரனோடு கம்பளத்தில் கால் வைத்தாள். பெரியவள் ஸ்பீக்கரை ஹோட்டல்காரம்மாவின் கையில் கொடுத்தாள். அவர் வழக்கப்படி தலைகீழாகத் திருப்பினார். தையலின் மேல் நகத்தை ஓட்டினார், ஒரு சுற்று, இன்னொரு சுற்று.

"மெஷின்ல தச்சதா?" என்று சின்னவளைக் கேட்டார்.

"இல்லைங்க. உருண்டையில மெஷின் ஓடாது. நனைச்சு இழுத்துக் கட்டி, காயவிட்டு, அப்புறம் கையால தைக்கணும். அவசரப்பட்டா சுருங்கிடும்."

"விலை உள்ள இருக்கிறவருக்கு இல்ல மேடம், இந்தத் தையலுக்கு" என்றாள் பெரியவள். "நான் எத்தனையோ கடையில நின்னிருக்கேன், எத்தனையோ தோல் சாமான் வித்திருக்கேன். இப்படி ஒரு கை வேலையை நான் பாத்ததில்ல. இவ என் தங்கச்சிங்கிறதுக்காகச் சொல்லல."

சின்னவளுக்குக் காது சூடாகிவிட்டது.

"தையலுக்கே இவ்வளவு விலையா?"

"கொஞ்சம் அதிகம்தான்" என்றாள் பெரியவள். முதலாளி இரண்டாவது முறை இருமினார்.

ஹோட்டல்காரம்மா சிரிக்கவில்லை. ஸ்பீக்கரை மடியில் வைத்துக்கொண்டார். "எங்க ஹோட்டல்ல ரூமுக்கு ஒண்ணு இந்தப் பச்சை உருண்டைதான் இருக்கு. மனுஷன் அசந்து தூங்கும்போது கை பட்டு உருண்டா போதும், ஹாய் ஹாய்னு கத்தி எழுப்பிடுது. தூக்கிப் போட்டுட்டு நல்லதா வாங்கலாம்னு வந்தா, அதையே பத்து மடங்கு விலையில என் தலையில கட்டப் பாக்குறீங்க."

"தூக்கிப் போடாதீங்க மேடம். எல்லாத்தையும் இங்க அனுப்புங்க. இவங்க அதுக்குச் சட்டை தச்சுப் போட்டு, கத்தலையும் நிறுத்தித் தருவாங்க. தையல் கூலி மட்டும் குடுங்க."

"ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம்" என்று முதலாளி பாய்ந்து வந்தார். அவர் பக்கம் யாரும் திரும்பவில்லை. ஹோட்டல்காரம்மா சின்னவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டிவி ரிமோட்டுக்குத் தைப்பியாம்மா?"

"தைப்பேன்."

"டெலிபோனுக்கு? மேஜை விளக்குக்கு?"

"அளவு எடுத்தா தைக்கலாம். எல்லாம் ஒரே தோல்ல வெட்டணும், அப்போதான் பழசாகும்போது ஒரே நிறமா மாறும்."

அந்த ஒரு பதிலில்தான் காரியம் முடிந்தது. அறை அறையாக எல்லாச் சாமானுக்கும் சட்டை என்று பேச்சு வளர்ந்தது. வளர வளர, முதலாளியின் முகத்துக்கு ரத்தம் திரும்பியது. "இதைத்தான் மேடம் நானும் சொல்ல வந்தேன்" என்றார் கடைசியில். அந்த மனிதரிடம் அந்த ஒரு திறமை எப்போதும் உண்டு.

எழுந்து போகும்போது ஹோட்டல்காரம்மா, "குரல் மாத்திட்டா என்ன சொல்லும்?" என்று கேட்டார்.

பெரியவள் தாழ்ந்த குரலில், "வாங்க" என்று சொல்லிக் காட்டினாள்.

"ஐயோ, வேண்டாம். இருட்டுல யாராவது வாங்கன்னா என் விருந்தாளி ஓடியே போயிடுவான். வாயை மூடிட்டு இருக்கச் சொல்லு, போதும்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

அன்று பட்டறை பட்டறையாக இல்லை. மெழுகக்கா ஆடினாள், பார்த்தவர்கள் கண் கூசினார்கள். அச்சடித்த தையல் உருண்டையை முதலாளி யாருக்கும் தெரியாமல் குப்பைக் கூடையில் போட, அவர் நகர்ந்ததும் ஒருத்தி அதை எடுத்துக் கதவு சாத்தாமல் இருக்க முட்டுக் கொடுத்தாள்.

சாயங்காலம் அக்காவும் தங்கையும் பஸ் நிறுத்தத்தில் நின்றார்கள். சின்னவளால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

"அக்கா, நான்தான் குரலை மாத்த மறந்துட்டேன். என்னால எல்லார் பொழைப்பும் போயிருக்கும். நீ இல்லேன்னா..."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"காலையில தூசி தட்டும்போதே, நேத்து இதுல நூலை அவுத்த ஞாபகம் இல்லையேன்னு தோணுச்சு. அழுத்தினேன். கத்துச்சு."

சின்னவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தெரிஞ்சுமா அழுத்தினே? நான் அங்க நின்னு குரங்காட்டம் ஆடினேனே!"

"ஆடினே. நல்லா இருந்துச்சு." பெரியவள் கைப்பையைத் தோள் மாற்றிக்கொண்டாள். "ஞாயித்துக்கிழமை உன் அத்தானைக் கூட்டிக்கிட்டு அந்த ஹோட்டலுக்கு டீ குடிக்கப் போனேன். ஊர்லேருந்து உறவுக்காரங்க வர்றாங்க, ரூம் பாக்கணும்னு சொல்லித் திறக்கச் சொன்னேன். மேஜை மேல பச்சையா உக்காந்திருந்துச்சு இது. அந்தம்மா எதையும் கவுத்துப் பாக்கிற ஆளுன்னு அங்க வேலை செய்யறவங்க சொன்னாங்க. அடியில இருக்கிற பொத்தானைப் பாத்தா போதும், கண்டுபிடிச்சிருப்பாங்க. அவங்களா கண்டுபிடிச்சா நாம திருடங்க. நாமளே சொன்னா தொழில்காரங்க. எப்படிச் சொல்ல ஆரம்பிக்கிறதுன்னுதான் ராத்திரியெல்லாம் யோசிச்சேன். காலையில அது கத்தினதும் அப்பாடான்னு இருந்துச்சு."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னா உன் மூஞ்சியில எழுதி ஒட்டியிருக்கும்."

எப்பேர்ப்பட்ட ஆள் இவள்! சின்னவளுக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன, கட்டிக்கொள்ளவா கிள்ளவா என்று தெரியவில்லை. ஆனால் உடனே இன்னொன்று நெஞ்சில் தைத்தது. எல்லாமே முன்கூட்டி யோசித்த பேச்சு என்றால், அதுவும் அதில் ஒன்றுதானே?

"அப்போ என் தையலைப் பத்தி அந்தம்மாகிட்ட சொன்னியே" என்றாள், பஸ் வரும் பக்கம் பார்த்தபடி. "அதுவும் விக்கிறதுக்குச் சொன்னதுதானா?"

பெரியவள் தங்கை பக்கம் திரும்பினாள். கடையில் பேசுகிற குரல் அவளிடமிருந்து எங்கோ போய்விட்டிருந்தது. இது தோசைக்கல் தேய்க்கும்போது பேசுகிற குரல்.

"உன்கிட்ட நான் என்னைக்காவது எதையாவது வித்திருக்கேனாடி?"

சின்னவள் இல்லை என்று தலையாட்டினாள்.

"அடியில, வளையத்துக்குப் பக்கத்துல, ரெண்டு தையல் நெருங்கி விழுந்திருக்கு. நேத்தே பாத்தேன். வளையத்தைத் தள்ளி மறைச்சிருக்கே. நாளைக்கு அதைப் பிரிச்சுப் போடு" என்றாள் பெரியவள். "மத்தது நான் சொன்னதுதான்."

மெழுகக்காவுக்குத் தெரியாத தையல்கள் அவை. நகம் ஓட்டிப் பார்த்த ஹோட்டல்காரம்மாவுக்கும் தட்டுப்படாதவை. தைத்த தன்னைத் தவிர ஒருவரும் அறியார் என்று சின்னவள் நினைத்திருந்தாள். பஸ் வந்து நின்றது, பெரியவள் முதலில் ஏறினாள், "சீட் பிடிச்சிருக்கேன், சீக்கிரம் ஏறு" என்று உள்ளேயிருந்து கத்தினாள். சின்னவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏறினாள்.